மூன்று கட்டில் பலகைகள்

இது என் கை வியர்வை இல்லை.

அப்படித்தான் முதலில் நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. உள்ளங்கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு மறுபடி பலகையின் மேல் வைத்தேன். மறுபடி பிசுபிசுத்தது. என் கையை எனக்குத் தெரியும். பரீட்சை ஹாலில் எல்லாரும் கைக்குட்டையை அடியில் வைத்துக்கொண்டு எழுதியபோது வெறுங்கையோடு எழுதியவள் நான். இது வேறு யாருடைய வியர்வையோ.

நடந்ததைத்தான் எழுதுகிறேன். நடுராத்திரியில் நடந்திருந்தால் நீங்கள் நம்புவது சுலபமாக இருந்திருக்கும். எனக்கும்தான். ஆனால் இது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒன்று பத்துக்கும் ஐந்து மணிக்கும் நடுவில், வெயில் நன்றாக விழும் ஒரு பட்டறையில் நடந்தது. கரண்ட் போகவில்லை. நாய் ஊளையிடவில்லை. முந்தின நாள் எட்டு மணி நேரம் தூங்கியிருந்தேன். அளவெடுக்கும்போது பென்சிலால் பெஞ்சின் மேலேயே குறித்துக்கொள்வது என் பழக்கம். அன்றைய அளவுகளும் நேரங்களும் அந்த பெஞ்சில் இன்னும் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

அது பொழுதுபோக்காக மரவேலை செய்கிறவர்களுக்கான பட்டறை. ஆறு பெஞ்சுகள். மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஸ்டூலோ பெட்டியோ செய்யலாம். அதை நடத்துகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் கிளாம்ப். எதைக் கேட்டாலும் தருவார், மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பை மட்டும் தரமாட்டார்.

"ரெண்டுதான் மேடம். பொண்ணைக் கேட்டாக்கூட யோசிக்காம குடுத்துடுவேன். மூணாவது கிளாம்ப் கேட்டுடாதீங்க" என்பார். அவருக்குப் பெண் கிடையாது.

நாற்பத்தாறு வயதில் நான் மரவேலைக்குப் போனதற்குக் காரணம் எளிது. இழைத்தால் மரம் சுத்தமாகிவிடும். மேலே எவ்வளவு அழுக்கு இருந்தாலும் நாலு தடவை இழைப்புளியை ஓட்டினால் உள்ளிருந்து யாரும் தொடாத ஒன்று வெளியே வரும். அதைத் தடவிப் பார்க்கும்போது எனக்குள் ஏதோ ஒன்று அமைதியாகும். எனக்கு அருவருப்பு அதிகம். அடுத்தவர் குடித்த டம்ளர், ஈரத் துண்டு, சீப்பில் சிக்கிய முடி, எதுவும் ஆகாது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. இதனால்தான் என் அக்காவை இழந்தேன்.

அக்காவின் மாமியார் பக்கவாதம் வந்து பதினோரு மாதம் படுக்கையில் இருந்தார். பேச்சும் போய்விட்டது. மூன்று வருடத்துக்கு முன் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். அறை வாசலிலேயே அந்த வாசம் முகத்தில் அடித்தது. பவுடரும் கிருமிநாசினியும். அதற்கு அடியில் இனிப்பாக, கெட்டுப்போன ஒன்று. கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்றேன். போன் வருகிற மாதிரி நடித்தேன். வாசல் கேட்டுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். நிமிர்ந்தபோது அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"உனக்கு மட்டும்தான் மூக்கு வெச்சுப் படைச்சிருக்கா? நாங்கல்லாம் மரக்கட்டையா?"

அவ்வளவுதான். அந்தம்மா இரண்டு மாதத்தில் போய்ச் சேர்ந்தார். சாவுக்குப் போனேன், கேட்டருகிலேயே நின்றுவிட்டு வந்தேன். அக்கா என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். அப்பா அம்மா இல்லை. எனக்கென்று சொல்லிக்கொள்ள அவள் ஒருத்திதான். மூன்று வருடம் ஒரு போன் இல்லை.

போன மாதம் போன் வந்தது.

"நீதான் மரவேலையெல்லாம் கத்துக்கிட்டியாமே. பொண்ணு ரூம் அலமாரிக்கு ஒரு கதவு செஞ்சு தர்றியா? பழைய கட்டில் பலகை இருக்கு. அனுப்பறேன்."

"சரிக்கா."

"ரெண்டு வாரம் கழிச்சு வெள்ளிக்கிழமை கொண்டு வா. அப்படியே சாப்பிட்டுப் போ."

அப்படியே சாப்பிட்டுப் போ. அந்த மூன்று வார்த்தையைப் பத்து நாள் மனதுக்குள் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். யாருடைய கட்டில் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டிவரும் என்று எனக்குள் ஒருத்திக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் வாயை நான்தான் பொத்தினேன்.

கதவு எளிமையான வேலைதான். நான்கு சட்டங்கள், நடுவில் ஒரு பலகை. சட்டத்தின் முனையில் செதுக்குவதற்கு நாக்கு என்று பெயர். அது போய் உட்காரும் குழி, வாய். சட்டங்களின் உள்விளிம்பில் ஓடும் பள்ளம், காடி. பலகையின் விளிம்பு அந்தக் காடிக்குள் சும்மா நுழைந்து நிற்கும். ஒட்டக் கூடாது. மழைக்கு மரம் விரியும், வெயிலுக்குச் சுருங்கும். அதற்குப் பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர் இடம் விட வேண்டும்.

"பலகைக்குப் பசையைக் காட்டிடாதீங்க மேடம். அதுவும் மூச்சு விடணும்ல" என்று கிளாம்ப் முதல் நாளே சொல்லியிருந்தார்.

வந்தது மூன்று பலகைகள். தேக்கு. முந்தின ஞாயிற்றுக்கிழமை அவற்றை இழைத்தபோதே சில விஷயங்கள் சரியில்லை. இழைப்புச் சுருள் உதிராமல் கையில் ஒட்டியது. ஒரு சுருளின் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு ஓடியது. நார் என்று நினைத்து இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. ஒரு சாண் நீளம். முடி. மரத்தின் மேல் ஒட்டிய முடி இல்லை. மரத்துக்குள் இருந்த முடி.

கையை ஏழு தடவை சோப்பு போட்டுக் கழுவினேன்.

"தேக்குல எண்ணெய் உண்டு மேடம். அதான் ஒட்டுது" என்றார் கிளாம்ப். முடியை அவரிடம் காட்டவில்லை. வெள்ளிக்கிழமை சாப்பாட்டை நினைத்துக்கொண்டேன். மூன்று பலகைகளையும் பக்கம் பக்கமாக ஒட்டி ஒரே பலகையாக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

மணி 1:10. கிளாம்ப் சாப்பிடப் போனார். "நாலரைக்கு வந்துடறேன். ரெண்டு கிளாம்ப் மேல இருக்கு. எண்ணி வெச்சிருக்கேன்." வேறு யாரும் வரவில்லை. நானும் பலகையும்தான்.

மணி 1:25. அகலம் அளந்தேன். 412 மில்லிமீட்டர். சரியான அளவு. பெஞ்சில் குறித்தேன். அப்போதுதான் கையில் அந்தப் பிசுபிசுப்பு.

மணி 1:40. குறுக்குச் சட்டத்தின் நாக்கை உளியால் சீவிக்கொண்டிருந்தேன்.

டொக்... டொக்.

கதவுப் பக்கம் பார்த்தேன். யாருமில்லை. உளியை எடுத்தேன்.

டொக்... டொக்.

சத்தம் பலகையிலிருந்து வந்தது. அடியிலிருந்து. பெஞ்சுக்கும் பலகைக்கும் நடுவே ஆணி ஏதாவது மாட்டியிருக்கும் என்று பலகையைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. புரட்டியபடியே விட்டுவிட்டேன். சத்தம் நின்றது. நானும் அதை மறந்தேன்.

மணி 2:05.

டொக்... டொக்.

மறுபடி புரட்டினேன். நின்றது. ஆனால் இப்போது மேலே வந்த முகத்தில் ஒரு கறை இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன் அது இல்லை. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டம். மூன்று பலகையிலும் துண்டு துண்டாக இருந்தது, ஒட்டிய இடத்தில் கச்சிதமாகச் சேர்ந்து ஒன்றாகியிருந்தது. ஓரம் கருஞ்சிவப்பு. உள்ளே மஞ்சள். நடுவில் ஈரம்.

கட்டை விரலால் தொட்டேன்.

விரல் அமுங்கியது.

மரம் அமுங்கக் கூடாது. அது அமுங்கி, விரலை எடுத்ததும் மெதுவாக மேலே எழும்பியது. விரல் நுனியில் ஏதோ பளபளத்தது. முகர்ந்து பார்க்காதே என்று எனக்கு நானே சொன்னேன். முகர்ந்தேன்.

பவுடர். கிருமிநாசினி. அடியில், இனிப்பாக...

யாருடைய கட்டில் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. இதுவரை தெரியாத மாதிரி நான் வைத்துக்கொண்டிருந்ததும் தெரிந்தது.

வாஷ்பேசினில் குனிந்து மதியச் சாப்பாட்டை முழுவதும் வாந்தியெடுத்தேன். ஓடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பயந்திருந்தால் ஓடியிருப்பேன். இது பயமில்லை, அருவருப்பு. அருவருப்புக்கு ஓடத் தெரியாது. அது நின்று பார்க்கும். இன்னொரு தடவை முகர்ந்து பார்க்கச் சொல்லும். அதோடு, வெள்ளிக்கிழமை கதவோடு போகாவிட்டால் அக்கா இன்னொரு முறை கூப்பிட மாட்டாள். அதுவும் எனக்குத் தெரியும்.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து இழைப்புளியை எடுத்தேன். கறையைச் சீவினேன். ஒரு மில்லிமீட்டர். இரண்டு. சுருள் ஒவ்வொன்றும் ஈரமாக, தோல் உரிவது போல வந்து விழுந்தது. கறை போகவில்லை. கீழே போகப் போக நிறம் கூடியது.

மணி 2:30. அகலம் 417.

ஐந்து மில்லிமீட்டர் விரிய ஒரு மழைக்காலம் முழுக்க வேண்டும். ஒரு மணி நேரம் போதாது. ஸ்கேலைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். 415. ஸ்கேலை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். 412. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு 414... 417...

கூடியது. குறைந்தது.

கூடியது. குறைந்தது.

என் மூச்சும் அதோடு சேர்ந்து போவதைக் கவனித்து, வாயைப் பொத்திக்கொண்டேன்.

டொக்... டொக்.

புரட்டினேன். நின்றது.

மணி 3:05. சட்டத்துக்குள் அடக்கிவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று தோன்றியது. பலகையைக் காடிக்குள் செருகினேன். நாலு மூலையிலும் நாக்கை வாய்க்குள் தட்டினேன். இரண்டு கிளாம்பையும் போட்டு பெஞ்சோடு சேர்த்து இறுக்கினேன்.

டொக்... டொக்.

இப்போது புரட்ட முடியாது.

டொக்... டொக். டொக்... டொக்.

இறுக்கினேன்.

டொக்டொக். டொக்டொக். டொக்டொக்.

கீழே இடது மூலையில் நாக்கு வாயிலிருந்து மெதுவாக வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. அதன் ஓரத்தில் மஞ்சளாக ஒன்று கசிந்தது. பசை.

பசைதான்...

நான் இன்னும் சட்டத்துக்குப் பசை போடவே இல்லை.

கர்... கர்... அடியில் நகம்.

டொக்டொக்.

கிளாம்பைக் கழற்றினேன். சட்டத்தை உருவி எறிந்தேன். பலகையைப் புரட்டினேன்.

நின்றது.

வெயில் அப்படியே இருந்தது. வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

மணி 3:20. அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, இந்தப் பலகை..."

"நாத்தம் இருக்கா?"

அதைத்தான் முதலில் கேட்டாள்.

"இருக்குக்கா."

"வர்றேன்" என்றாள்.

மணி 4:10க்கு வந்தாள். உள்ளே நுழையும்போதே முந்தானை மூக்கின் மேல் இருந்தது. இளைத்துப் போயிருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னடி இது, வெள்ளையடிக்கறவ மாதிரி தலையெல்லாம் தூசி?"

"மரத்தூள்க்கா."

"தொடச்சுக்கோ." தன் கைக்குட்டையை நீட்டினாள். மூன்று வருடம் கழித்து அவள் கையால் எனக்கு ஒன்று வந்தது. வாங்கிக்கொண்டேன்.

நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள்...

டொக்... டொக்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. நேராகப் பெஞ்சுக்குப் போனாள். ஒரு கையைப் பலகையின் மேல்முனைக்கு அடியில் கொடுத்தாள், தோளுக்கு அடியில் கொடுப்பது போல. இன்னொரு கையைக் கீழ்முனைக்கு அடியில், இடுப்புக்கு அடியில் கொடுப்பது போல. வலிக்காமல், ஒரே அசைவில், இடது பக்கமாகப் புரட்டினாள்.

"அவ்வளவுதான்... அவ்வளவுதான் அத்தை."

பிறகுதான் தன் கைகளைப் பார்த்தாள். சட்டென்று இழுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு தட்டினா புரட்டிப் போடணும். நான்தான் சொல்லிக் குடுத்தேன். பேச்சுதான் இல்லியே. வலது கை கட்டிலுக்குக் கீழ தொங்கும். அடியில பலகையைத் தட்டுவாங்க."

"மெத்தை?"

"மெத்தை ஊறிப்போச்சு, தூக்கிப் போட்டாச்சு. கடைசி மாசம் பலகை மேல பிளாஸ்டிக் ஷீட்தான். அதுவும் கசிஞ்சு..." முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "முதுகுல புண்ணுடி. என் கையே உள்ள போற அளவு. ரெண்டு மணிக்கொரு தரம் புரட்டணும். பதினோரு மாசம் புரட்டினேன். ராத்திரியும் பகலும். நீ ஒரு நாள் வந்துட்டு ஓடிட்ட."

இன்னொரு ஸ்டூலை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"ஒரு வெள்ளிக்கிழமை உங்க அத்தான் வெளியூர் போயிருந்தாரு. பொண்ணு டூர் போயிருந்தா. சாயங்காலம் தட்டினாங்க. கதவுகிட்ட வரைக்கும் போனேன். கை தாழ்ப்பாள்ல இருக்கு. திறக்க வரல. உள்ள நுழைஞ்சா வாந்தி வரும், அதை நினைச்சாலே வாந்தி வந்துச்சு. இன்னிக்கு ஒரு தடவை விட்டா என்னன்னு திரும்பிட்டேன். காதுல பஞ்சு வெச்சுக்கிட்டேன்."

"அப்புறம்?"

"தட்டிக்கிட்டே இருந்தாங்க. சனிக்கிழமை முழுக்க. பஞ்சுக்கு மேல தலைகாணியை வெச்சுப் படுத்தேன். கேட்டுச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தான் நின்னுச்சு. அப்பதான் கதவைத் திறந்தேன்."

அக்கா கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"டாக்டர் வந்து பார்த்தாரு. என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. உசுரு போய் ரெண்டு நாள் ஆச்சும்மான்னாரு. வெள்ளிக்கிழமை ராத்திரியே போயிருக்கு." அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று, காய்ந்து இருந்தது. "வெள்ளிக்கிழமை ராத்திரியே போயிட்டாங்கன்னா சனி, ஞாயிறு ரெண்டு நாளும் யாருடி தட்டினது?"

கிளாம்ப் வந்து கதவைத் திறக்கும் சத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். மணி 4:40. அவர் வரவில்லை.

"இந்த மரத்தைத் தூக்கிப் போடலாம்னா அத்தான் விடல. அம்மா கட்டில்னு சொல்றாரு. அதான் உன்கிட்ட அனுப்பினேன். நீ இழைச்சா போயிடும்னு நெனச்சேன். போயிடுச்சுன்னா உன் மூக்கு சொல்லிடும்னு நெனச்சேன்." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "யார்கிட்டயும் சொன்னதில்ல. உன்கிட்டதான் சொல்றேன். உனக்குப் புரியும். உனக்குத்தான் புரியும்."

"புரியுதுக்கா."

"அப்ப சொல்லு."

"என்ன சொல்லணும்?"

"நானா இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன்னு சொல்லு. ஒரே ஒரு தடவை. அது போதும் எனக்கு. நான் தூங்கிடுவேன். கதவெல்லாம் வேணாம், வெள்ளிக்கிழமை நீ வெறுங்கையோட வா. வாராவாரம் வா. பொய்யாவது சொல்லேன்."

பொய்யாக இருந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

நான் அவளுக்கு முன்னாலேயே காதில் பஞ்சு வைத்திருப்பேன். பதினோரு மாதம் இல்லை, பதினோரு நாளிலேயே. என் கை தாழ்ப்பாள் வரைக்கும் கூடப் போயிருக்காது. ஆரஞ்சுப் பழத்தோடு நான் நின்ற அந்த இரண்டடி தூரத்தில், கட்டிலுக்குக் கீழே தொங்கிய அந்தக் கை பலகையைத் தட்டியது. அன்றைக்கும் இரண்டு தட்டு. எனக்குக் கேட்டது. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டேன். அக்காவுக்கு இது தெரியாது.

சொன்னால் எங்கள் இரண்டு பேருக்கும் இலேசாகிவிடும். அதுதான் என் வாயைக் கட்டியது. இரண்டு பேரும் சேர்ந்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்தம்மாவை யாரும் புரட்டிப் போடாதது அதற்குப் பிறகு ஒரு தப்பாகவே இருக்காது.

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிடி இன்னும் என் மணிக்கட்டில் இருந்தது. அதை விடுவித்துக்கொள்ளவில்லை. இன்னொரு கையை அதன் மேல் வைத்தேன்.

"அதை மட்டும் சொல்ல மாட்டேன்க்கா" என்றேன்.